தகரக் கூரைக்குக் கீழே மூன்று வகுப்புகள்

நீலகிரி மாவட்டத்தின் குந்தா பக்கம் பள்ளி திறப்பதும் மழை பிடிப்பதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் நடக்கும். ஜூன் மாதம் முதல் மணி அடித்துச் சில நாள்களிலேயே தென்மேற்குப் பருவமழை மலையேறி வந்துவிடும். அப்புறம் செப்டம்பர் வரை மழை, சாரல், மேகமூட்டம், நடுநடுவே கலெக்டர் அறிவிக்கும் விடுமுறை. கொஞ்சம் வெயில் கண்ணில் பட்டதும் ஐப்பசி மழை வந்து நிற்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதே மலையில்தான் எங்கள் பள்ளியும் இருக்கிறது. அந்த மாதிரிப் பெருமழை எப்போதாவதுதான். ஆனால் ஈரம் வருடத்தில் பாதி நாள் கூடவே இருக்கும்.

வகுப்பறை மேலாண்மை என்று பயிற்சிகளில் சொல்லித் தருவதெல்லாம் நல்ல விஷயங்கள்தான். குழு பிரிப்பது, பாராட்டுவது, விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுவது எல்லாமே எனக்குப் பயன்பட்டிருக்கின்றன. இருந்தாலும் இந்த மலையில் ஒரு வகுப்பு ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் முதலில் ஈரத்துக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காலைத் தள்ளுமுள்ளு, "டீச்சர், என் ஸ்வெட்டரை அவன் போட்டுக்கிட்டான்" என்ற அழுகை, நனைந்த நோட்டு, வழுக்கி விழுந்த முழங்கால் எல்லாவற்றுக்கும் அடியில் ஈரம்தான் இருக்கிறது. பிள்ளைகளின் குணத்தில் கோளாறு எதுவும் இல்லை. அறையைச் சரிசெய்தால் பாதிச் சத்தம் தானாகக் குறையும். அப்படிச் செய்த வேலைகளின் விவரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மலைப் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு அளவுகளாவது உதவும்.

60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பது 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. எங்கள் பள்ளியில் மொத்தப் பிள்ளைகள் 40 பேர்கூட இல்லை. நான்கையும் ஐந்தையும் தலைமையாசிரியர் பார்க்கிறார். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், 23 பிள்ளைகள். அவருக்குக் கூட்டம், பயிற்சி, கருவூலம் என்று வெளிவேலை வந்தால் ஐந்து வகுப்பும் என் அறைக்கு வந்துவிடும். அறை 20-க்கு 20 அடி. பழைய கருங்கல் சுவர், மேலே தகரக் கூரை, கிழக்கே இரண்டு ஜன்னல். மேற்குச் சுவர் மழையை முழுக்க வாங்கிக்கொள்ளும். பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து வருபவர்கள், வீட்டில் படுகு மொழி பேசுவார்கள். மீதிப் பேர் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளிலிருந்து வருகிறார்கள். அவர்களில் சிலர் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், சிலர் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள். ஒரே அறையில் மூன்று வகுப்பு, நான்கைந்து வீட்டுமொழி. வாயால் சொல்லி நடத்துவதற்கு ஓர் எல்லை உண்டு என்பது இங்கே சீக்கிரமே தெரிந்துவிடும்.

முதலில் காலி செய்தது

பெரிய வேலை எதுவாக இருந்தாலும் ஏப்ரல் கடைசியிலோ மே மாதமோ செய்துவிட வேண்டும். காய்ந்த காற்று அப்போதுதான் கிடைக்கும். அறையில் இருந்த எல்லாவற்றையும் வராந்தாவுக்குக் கொண்டுபோய், தரை தெரியும்வரை காலி செய்தோம். உடைந்த நாற்காலி, சக்கரம் போன கரும்பலகைத் தாங்கி, பழைய சார்ட்டுகள், முன்பு யாரோ வாங்கிய கட்டுக்கட்டான தெர்மோகோல் எல்லாம் வெளியே வந்தன. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளை நம் இஷ்டத்துக்குத் தூக்கிப் போட முடியாது. அதனால் அவற்றைத் தனியாகப் பட்டியல் போட்டு, கழிவு செய்ய ஒப்புதல் கேட்டு, அது வரும்வரை சமையலறைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் வைத்தோம். இதைச் சொல்லக் காரணம், நிறைய வகுப்பறைகளில் நாலில் ஒரு பங்கு இடம் இப்படித் தூக்கவும் முடியாத, பயன்படவும் பயன்படாத சாமான்களிடம்தான் இருக்கிறது. அந்த இடத்தை மீட்டாலே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மிதிக்காமல் நடக்க வழி பிறக்கும்.

ஸ்டீல் பீரோவில் செயல்வழிக் கற்றல் காலத்து அட்டைகள் இருந்தன. 2007-08 வாக்கில் அந்த முறை மாநிலம் முழுவதும் வந்தபோது ஏணிப்படம், அட்டைகள், தட்டுகள், பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, படைப்புகளைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையே மாறியது. இப்போது 2022-லிருந்து 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் எடுக்கிறோம், பாடல் களம், கதைக் களம், படித்தல் களம் என்று அறையில் இடங்கள் ஒதுக்குகிறோம். முறைகள் மாறினாலும் பழைய முறையில் வந்த இரண்டு பொருள்களை நான் கைவிடவே மாட்டேன். ஒன்று கீழ்மட்டக் கரும்பலகை, இன்னொன்று கம்பிப் பந்தல். இரண்டுமே இந்த மலைக்கென்று கண்டுபிடித்தவை போலப் பொருந்துகின்றன.

அட்டைகளில் பாதி பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஸ்டீல் பீரோ பார்க்கப் பத்திரமாகத் தெரியும். ஆனால் குளிர்ந்த இரவில் உள்பக்கத் தகடு வியர்க்கும், அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் காகிதத்தில் ஊறும். மலையில் காகிதத்துக்கு மரம்தான் நல்லது, அதுவும் காற்றோட்டமாக. ஆகவே அட்டைகளை வெயிலில் பரப்பி, தேறியதை எடுத்துக்கொண்டு, பீரோவைப் பதிவேடுகளுக்கு மட்டும் விட்டேன். பீரோவின் ஒவ்வொரு தட்டிலும் அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். வெயில் அடிக்கும் நாளில் கரி முடிச்சையும் காயப் போட்டால் திரும்ப ஈரம் வாங்கும்.

பிள்ளைகள் கையாளும் பொருள்களுக்குச் சில்வர் ஓக் பலகையும் சிமெண்ட் கல்லும் போதும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த மரம் என்பதால் இங்கே மலிவாகக் கிடைக்கிறது. கல், அதன்மேல் பலகை, மறுபடி கல், மறுபடி பலகை. இரண்டு தட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, பிள்ளைகள் பிடித்து ஏறினால் சாயும். மேல்தட்டின் உயரம் இரண்டரை அடிக்குள் இருக்க வேண்டும். மிக முக்கியம், சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சுவரோடு ஒட்டி வைத்த எதுவும் ஆகஸ்ட் மாதம் பச்சை பிடித்துவிடும். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரட்டும்.

எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி என்ற யோசனை புதிதில்லை. பிள்ளைகளே எடுக்கும்படி பொருள்களைத் தாழ்வான அலமாரியில் வைக்கச் சொன்ன இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலில் இரண்டு வருடம் போலத் தங்கி, பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்துக் கற்பித்தார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதை நாம் ஆள் பற்றாக்குறையாகவே பார்க்கப் பழகிவிட்டோம். அதை ஒரு வசதியாகப் பார்த்தவர் அவர். பக்கத்து மலையில் நடந்த இந்த விஷயம் நம் ஆசிரியர் பயிற்சிகளில் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

மாட்டும் பலகை

இதுதான் எல்லா வேலைகளிலும் அதிகப் பலன் தந்தது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை எல்லாம் விலையில்லாமல் தருகிறது. கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் 23 பேருக்கும் ஒரே நிறம், ஒரே தையல். அளவில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். நனைந்த மழைக்கோட்டுகளைக் கழற்றி வாசலில் குவித்தால், மாலையில் யாருடையது எது என்று பிரிக்கவே கடைசிப் பாடவேளை போய்விடும். அதற்குள் வீட்டுக்குக் கூட்டிப்போகும் ஜீப் ஹாரன் அடிக்கும், பிள்ளைகள் பதறுவார்கள்.

வராந்தாச் சுவரில் இரண்டு வரிசையாகப் பலகை அடித்தோம். நான்கு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம், சில்வர் ஓக். ஒன்றாம் வகுப்புக்குத் தரையிலிருந்து மூன்றடி, மூன்றாம் வகுப்புக்கு மூன்றரை. பிள்ளை கையை நீட்டினால் கோட்டு மாட்டும் முளை தோள் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் மாட்ட முடியாமல் தரையில் போட்டுவிட்டு ஓடிவிடும். முளைகளுக்கு ஆணி ஆகாது, முகத்தில் குத்தும், துருவும் ஏறும். கட்டைவிரல் கனத்தில் உருளையாகச் சீவிய மரமுளை, பலகையில் துளை போட்டுக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து, பசையோடு இறுக்கியது. முளைக்கு முளை ஒன்பது அங்குலம். இதைவிட நெருக்கினால் ஈரக் கோட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து காயாது. பலகையைச் சுவரில் பிடிக்க நீளத் திருகாணியும் பிளக்கும் வேண்டும். கருங்கல் சுவரில் கல்லைத் துளைக்கப் பார்க்காமல், இரண்டு கல்லுக்கு நடுவே காரைப் பூச்சு வரும் இடமாகப் பார்த்துத் துளை போட்டால் வேலை சுலபம். கீழே தரையில், சொட்டும் தண்ணீர் ஓட, சிமெண்டில் ஒரு விரல் ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து வெளியே விட்டோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பள்ளி மானியத்திலிருந்து செய்த வேலை.

முளைக்கு யாருடையது என்ற அடையாளம் வேண்டுமே. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்குப் பெயர் படிக்கத் தெரியாது. ஆகவே சேர்க்கையின்போதே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும். கேரட், முட்டைக்கோஸ், தேயிலைக் கொழுந்து, லாரி, குடை, ஆட்டுக்குட்டி, நிலா. அந்தப் படம் பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு உரிய எல்லாவற்றிலும் இருக்கும். மரமுளைக்கு மேலே பெயிண்டில், ஸ்வெட்டர் கழுத்தின் உள்பக்கம் நூலில், மழைக்கோட்டின் உள்மடிப்பில் துணி ஒட்டு வைத்து, தட்டின் அடியில், நோட்டு அடுக்கும் தடுப்பில். படத்துக்குக் கீழே பெயரும் இருக்கும். தீபாவளிக்குள் நிறையப் பிள்ளைகள் படத்தைப் பார்க்காமல் பெயரையே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தன் பெயர் தெரிந்த பிறகு பக்கத்து முளையின் பெயரைப் படிக்கிறார்கள். என் வகுப்பில் பலர் முதன்முதலில் வாசித்த வரி அந்தப் பலகைதான்.

நூல் வேலையை அம்மாக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து கொடுத்தார்கள். வாரம் முழுக்கத் தோட்டத்தில் நின்ற கை, உட்கார்ந்து பூ வேலை செய்தது. "என் பொண்ணுக்கு நிலா சின்னதாப் போயிருச்சு டீச்சர், பிரிச்சுப் பெருசாப் போட்டுத் தரட்டா?" என்று ஓர் அம்மா கேட்டது எனக்கு மறக்காது. பள்ளிக்குள் வரத் தயங்கிக்கொண்டிருந்த ஜார்க்கண்ட் குடும்பத்து அம்மா ஒருவர்தான் அன்றைக்கு எல்லோரையும்விட வேகமாகத் தைத்தார். அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு அவர் வராமல் இருந்ததில்லை.

வாசலில் கால் துடைக்கச் சாக்கு. ஒரே சாக்கைப் போட்டு வைத்தால் இரண்டாம் பாடவேளைக்குள் அதுவே சேறாகிவிடும். இரண்டு சாக்கு வேண்டும், ஒன்று வாசலில் கிடக்கும்போது இன்னொன்று அடுப்படியில் காயும். சமையல் அக்கா மனது வைத்தால்தான் இது நடக்கும். எங்கள் அக்கா மனது வைத்திருக்கிறார்.

குடை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழிப்பறை மைதானத்தின் அந்தப் பக்கம் இருக்கிறது. காட்டெருமை பள்ளி வளாகத்துக்குள் வந்து மேய்வது இங்கே சாதாரணம், கரடி நடமாட்டமும் உண்டு. ஆகவே யாரும் தனியாகப் போகக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும். கதவருகே ஒரே ஒரு பெரிய குடையை மாட்டி வைத்தேன். குடை கொக்கியில் இருந்தால் போகலாம், இல்லையென்றால் வெளியே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வெயில் நாளிலும் குடையோடுதான் போக வேண்டும். "டீச்சர், போகட்டா?" என்ற கேள்வி குறைந்துவிட்டது. பாடம் நடுவில் தலையைத் திருப்பிக் கொக்கியைப் பார்த்தாலே, எத்தனை பேர் வெளியே என்பது எனக்கும் தெரியும்.

காகிதம், பலகை, தரை

இவை சின்ன வேலைகள். மேற்குச் சுவரில் எதையும் ஒட்டுவதில்லை. அந்தச் சுவருக்கு வருடம் ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பதோடு சரி. சார்ட், படம், பிள்ளைகளின் படைப்பு எல்லாம் கம்பிப் பந்தலில், துணிக் கிளிப்பில் தொங்கும். செலோடேப் இந்த ஈரத்தில் ஒரு வாரம்கூட நிற்காது. மைதா பசை வாசனைக்கு எலி வரும், பூச்சி வரும். பூச்சிக்குப் பசையில் மயில்துத்தம் கலப்பது பைண்டிங் கடைகளில் வழக்கம், ஆனால் அது விஷம். வாயில் விரல் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறைக்கு அது வேண்டவே வேண்டாம்.

கீழ்மட்டக் கரும்பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரண்டு கோட்டிங் அடித்தோம். கீழ்நாட்டில் ஒரே நாளில் காய்வது இங்கே மூன்று நாள் கேட்கும். நன்றாகக் காய்ந்த பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும். மழை நாளில் பலகை வியர்க்கும், எழுத்து பதியாது. காலையில் முதலில் காய்ந்த துணியால் துடைப்பது ஒரு பிள்ளையின் பொறுப்பு.

சிமெண்ட் தரையின் குளிர் பிள்ளைகளை உட்காரவிடாது. நெளிவார்கள், எழுந்து நிற்பார்கள், நாம் அதைச் சேட்டை என்போம். ஜமுக்காளம் ஈரம் வாங்கும். தச்சரிடம் சொல்லி ஆளுக்கொரு மனைப்பலகை அடித்தோம், இரண்டு அங்குல உயரம், அடிக்கட்டையில் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியது. டியூப் இருப்பதால் இழுத்தால் கிறீச்சிடாது, வழுக்கவும் செய்யாது. வட்டமாகவோ இரண்டிரண்டாகவோ எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஐந்து வகுப்பும் ஒன்றாக இருக்கும் நாளில் இதன் அருமை தெரியும். கிழக்கு ஜன்னலடியில் படித்தல் களம். மரம் விழுந்து கரண்ட் போகும் நாளிலும் அங்கே மட்டும் வெளிச்சம் இருக்கும்.

மழைப் பெட்டி

தகரக் கூரையில் மழை விழும்போது வகுப்பில் என்ன நடக்கும் என்பது கீழ்நாட்டு நண்பர்களுக்குச் சொன்னால் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை பேசுவதே கேட்காது. நாம் கத்தினால் பிள்ளைகள் அதைவிடக் கத்துவார்கள், பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தொண்டை கட்டும். அந்த நேரத்தில் குரலை நம்புவதை விட்டுவிட வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் நடத்த முடியும்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் துணி தொங்குகிறது. அதை எடுத்து உயர்த்திப் பிடித்தால் பார்த்த பிள்ளை கையைத் தூக்கும். அதைப் பார்த்த பக்கத்துப் பிள்ளையும் தூக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லாக் கையும் மேலே, எல்லாக் கண்ணும் என்மேல். மேகமூட்ட வெளிச்சத்தில் மஞ்சள்தான் எடுப்பாகத் தெரிகிறது. சிவப்பு, பச்சை எல்லாம் மங்கிவிடும். அப்புறம் சில விரல் சைகைகள் உண்டு. ஒரு விரல் என்றால் தண்ணீர், இரண்டு விரல் என்றால் குடை வேண்டும், மூடிய கை என்றால் உதவி வேண்டும். மழை இல்லாத நாளில் இதை விளையாட்டாகப் பழக்க வேண்டும். மழை அடிக்கும்போது சொல்லித்தர முடியாது. கலெக்டர் விடுமுறை நான்கு நாள் சேர்ந்து வந்துவிட்டால் திரும்பி வரும் நாளில் மறுபடி ஒருமுறை பழக்குவேன். சின்னப் பிள்ளைகளுக்கு நான்கு நாள் என்பது நீண்ட காலம்.

மஞ்சள் துணி இறங்கியதும் மழைப் பெட்டி திறக்கும். எந்த விளக்கமும் தேவைப்படாத வேலைகள் மட்டும் அதில் இருக்கும். ஒவ்வொரு வேலையும் தனித்தனித் துணிப்பையில். தகர டப்பா என்றால் தரையில் உருளும் சத்தம் மழையோடு சேர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் பைக்கு இந்த மாவட்டத்தில் தடை இருக்கிறது, எனக்கும் அது தேவைப்படவில்லை. பழைய யூனிஃபார்ம் துணியில் தைத்த சுருக்குப் பைகள்தான். ஒவ்வொரு பையிலும், செய்து முடித்த மாதிரி ஒன்று கட்டாயம் இருக்கும். பிள்ளை அதைப் பார்த்து அதே மாதிரி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பை, பத்துப் பை. சத்துணவுக்கு முட்டை வரும் அட்டையில் ஐந்துக்கு ஆறு என்று 30 குழி இருக்கும். அதை இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி உள்ள மூன்று துண்டு கிடைக்கும். முட்டை உடைந்து கறைபட்ட அட்டையை எடுப்பதில்லை, சுத்தமானதை இரண்டு வெயில் காயவைத்த பிறகுதான் வகுப்புக்குள் வரும். எண்ணுவதற்குக் கற்பூர மரக் காய், அதாவது யூகலிப்டஸ் காய். பள்ளிக்குப் பின்னால் உள்ள மரத்தடியில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடக்கும். பம்பரம் போலக் கீழே கூர்ந்து, மேலே மூடி வைத்த மாதிரித் தட்டையாக, சாம்பல் பூத்த நிறத்தில் இருக்கும். கட்டைவிரல் நுனி அளவு என்பதால் விழுங்கும் பயம் குறைவு, எலியும் தொடாது, மழையில் முளைக்கவும் முளைக்காது. கையில் எடுத்தால் தைல வாசனை. குழிக்கு ஒன்றாக வைத்துப் பத்து நிரம்பினால் ஓர் அட்டை முழுசு. 14 என்ற எண் அட்டைக்கு ஒரு முழு அட்டையும், அடுத்ததில் நான்கு காயும். பத்தும் நாலும் என்பதை வாயால் பத்துத் தரம் சொல்வதைவிட, பாதி காலியாக இருக்கும் அந்த இரண்டாவது அட்டை தெளிவாகச் சொல்லிவிடுகிறது. 14-உடன் 8 சேர்க்கும்போது காலிக் குழிகளை நிரப்பிவிட்டு மீதியை எண்ணும் வழியை, மொட்டு நிலையில் இருந்த இரண்டு பிள்ளைகள் தாங்களாகவே பிடித்தார்கள். நான் அதுவரை அவர்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

தமிழ் அதிகம் பேசாத பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி பெரிய வரம். ஜார்க்கண்டிலிருந்து நடுவில் வந்து சேர்ந்த பெண் ஒருத்தி, நான் பேசினால் தலையைக் குனிந்துகொள்வாள். மழை நேரத்தில் எல்லோருக்கும் பேச்சு இல்லை, அவளும் மற்றவர்களும் ஒன்றுதான். பையைத் திறந்தாள், மாதிரியைப் பார்த்தாள், செய்தாள். பிறகு பக்கத்துப் பையனின் அட்டையில் ஒரு காய் குறைவதைக் கண்டு தானே எடுத்து வைத்தாள். அவன் "பத்து" என்றான். அவளும் "பத்து" என்றாள்.

மற்ற பைகளில் இருப்பவை எல்லாப் பள்ளியிலும் உள்ளவைதான். எழுத்துத் துண்டுகள், கதைப் படங்களை வரிசைப்படுத்துவது, நூலில் மணி கோப்பது, வடிவம் வெட்டிய அட்டை. மாதம் ஒருமுறை இரண்டு பையை மாற்றினால் போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் விளக்கம் சொல்ல வேண்டி வந்துவிடும்.

பொறுப்புகள்

கிளாஸ் லீடர் என்று ஒரு பிள்ளையை நிறுத்தி, பேசுபவர் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஏழு வயதில் ஒரு பிள்ளைக்குத் தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கும் வேலையைக் கொடுப்பது சரியில்லை. பெயர் எழுதப்பட்ட பிள்ளை பாடத்தைக் கேட்காது, எழுதிய பிள்ளையும் கேட்காது. மாலையில் வழியில் சண்டைதான் மிச்சம்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொருளின் பொறுப்பு. சாக்கு மாற்றுவது, பலகை துடைப்பது, ஜன்னல் கொக்கி போடுவது, துணிப்பைகளை எண்ணி அடுக்குவது, கரி முடிச்சுகளை வெயிலில் வைப்பது, மனைப்பலகைகளை ஓரம் சேர்ப்பது, தண்ணீர்க் குடத்தை மூடுவது, பூட்ஸ்களை ஜோடி சேர்ப்பது. அட்டைச் சக்கரம் ஒன்றில் வெளிவட்டத்தில் பிள்ளைகளின் படங்கள், உள்வட்டத்தில் வேலைகளின் படங்கள். திங்கள்கிழமை ஒரு படி திருப்பினால் எல்லா வேலையும் அடுத்தவருக்குப் போகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை துணை. இந்த ஜோடியால் இன்னொரு நன்மையும் உண்டு. சின்னது பெரியதிடம் கேட்டுக்கொள்ளும், என்னிடம் வரும் கேள்விகள் பாதியாகும். சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பெரியதுக்கு விஷயம் இன்னும் அழுத்தமாகப் பதியும்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானதிலிருந்து எங்கள் காலைப் பொழுதே மாறிவிட்டது. தோட்டத்து ஆட்கள் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவதால் பல பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்துகொண்டிருந்தார்கள். பசியோடு இருக்கும் பிள்ளையிடம் எந்த வகுப்பறை ஒழுங்கும் நிற்காது. இப்போது சூடான உப்புமாவோ கிச்சடியோ சாப்பிட்டு, தட்டைக் கழுவி, கை துடைத்து, கோட்டு காய்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வருகிறார்கள். நான் வருகைப் பதிவேட்டை எடுப்பதற்குள் ஜன்னல் திறந்திருக்கும், பலகை துடைத்திருக்கும், மனைப்பலகைகள் வட்டமாகக் கிடக்கும். அந்த அரைமணி நேரம் முழுக்க எனக்குக் கிடைக்கிறது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை ஒவ்வொருவரையும் ஜன்னலடியில் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்க வைப்பது அந்த நேரத்தில்தான். அடுக்கியதும் ஆணி அடித்ததும் எல்லாம் அந்த அரைமணிக்காகத்தான்.

மிச்சம் இருக்கும் வேலைகள் இரண்டு. வராந்தாவின் கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தி வடிக்கும் பீலி இல்லை. காற்றோடு மழை அடித்தால் ஓரத்து ஐந்து முளைகளில் மாட்டிய கோட்டுகள் மறுபடி நனைகின்றன. பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் அறுத்துக் கட்டலாம் என்று தலைமையாசிரியர் சொல்கிறார், அளவெடுத்து வைத்திருக்கிறோம். இன்னொன்று, நான்கு ஐந்தாம் வகுப்பு அறைக்கும் மாட்டும் பலகை வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளே கேட்டார்கள். அவர்களுக்கு நான்கடி உயரம் சரியாக இருக்கும், முளை இடைவெளியைப் பத்து அங்குலமாக்க வேண்டும், கோட்டு பெரியது. ஏப்ரலில் பலகை வாங்கிச் சமையலறை வராந்தாவில் சாய்த்து வைத்தால் மே முழுக்கக் காயும். தச்சரிடம் சொல்லியாகிவிட்டது.